கோதுமையில்லாத கத்தோ

நீங்கள் என் வயதுக்காரராக இருந்து, காரைக்காலில் சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருந்தால், உங்களுக்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ரொட்டியும் பாலும். காய்ச்சலா, ரொட்டி. வாந்தியா, ரொட்டி. வயிற்றால் போகிறதா, ரொட்டியைத் தணலில் வாட்டி, பால் விடாத டீயில் நனைத்து. சோறு கனம், ரொட்டி லேசு. இதுதான் நம்ம ஊர் வைத்தியம். சுற்றிலும் நெல் விளைகிற சீமையில் நாம் மட்டும் விடிந்ததும் நீள ரொட்டிக்காகக் கடை வாசலில் நின்றோம். அதில் நமக்கு ஒரு பெருமையும் இருந்தது. எல்லை தாண்டி வருகிற சொந்தக்காரர்கள் முன்னால் அந்த ரொட்டியைக் காபியில் முக்கித் தின்று காட்டினோம்.

என் தம்பிக்கு அந்த ரொட்டிதான் ஆகவில்லை. அது யாருக்கும் தெரியாது. அதனால் அவனுக்கு உடம்பு முடியாதபோதெல்லாம் ரொட்டி கொடுத்தோம். ரொட்டி தின்றதும் இன்னும் முடியாமல் போனது. அதற்கு இன்னும் கொஞ்சம் ரொட்டி கொடுத்தோம். இப்போது இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது அம்மா சிரிக்கவில்லை.

அம்மா போன மார்கழியில் இறந்துபோனாள். யாராவது அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் அழுதுவிடுகிறேன், அதனால் வீட்டில் யாரும் பேச்செடுப்பதில்லை. எழுதினால் எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள். அழுதாலும் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் நான் எழுதப்போவது அழுகிற விஷயம் இல்லை. அம்மா அரிசி மாவில் கேக் சுட்ட வருஷத்தைப் பற்றி.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும், தம்பிக்கு ஐந்து. அவனுக்கு வயிறு மட்டும் பானை மாதிரி முன்னால் நிற்கும், கையும் காலும் முருங்கைக்காய். தெரு முனை வரை நடந்தால் உட்கார்ந்துவிடுவான். பூச்சி என்றார்கள், மருந்து கொடுத்தோம். கண்ணேறு என்றார்கள், மிளகாய் சுற்றிப் போட்டோம். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை அடித்தோம். மொட்டை அடித்த பிறகு வயிறு இன்னும் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அப்பா மின்சார ஆபீசில் லைன்மேன். கடைசியில் லீவு போட்டுவிட்டு அவனைப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே பிரான்சில் படித்துவிட்டு வந்த டாக்டர் ஒருவர் நாள்கணக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்குக் கோதுமை ஆகாது, கோதுமைக்குள் இருக்கிற ஒரு பசை இவன் குடலைக் கெடுக்கிறது, ஆயுசுக்கும் கோதுமை கூடாது, பார்லியும் கூடாது, மருந்து எதுவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாராம். மருந்து தராத டாக்டரை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. இவ்வளவுதானா என்று அன்றைக்கே கோதுமையை நிறுத்திவிட்டாள்.

எந்தக் கோதுமையை என்று கேளுங்கள். ரேஷனில் அரிசிக்குப் பதிலாகச் சில மாதம் போடுவார்களே, பழுப்பு நிறத்தில், கல்லும் தூசியுமாக, அந்தக் கோதுமையை. அதை எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. அம்மா அதை அப்படியே பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குக் கொடுத்துவிட்டாள். கோழிகள் கொழுத்தன. தம்பி கொழுக்கவில்லை. ஏனென்றால் ரொட்டி நிற்கவில்லை. ரொட்டி மைதா. மைதா வேறு, கோதுமை வேறு. மைதா வெள்ளையாக, முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி இருக்கும். அது மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுப்பது என்று எங்கள் தெருவே நம்பியது. கோதுமை ஆகாத பிள்ளை பாவம் ரொட்டியாவது தின்னட்டும் என்று அம்மா ஒரு ரொட்டி கூடுதலாகவே வாங்கினாள்.

உண்மை என் தம்பியின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. நிஜமாகத்தான். ரொட்டிக் கடையில் காலியான மைதா மூட்டையை விலைக்குக் கொடுப்பார்கள். நல்ல கெட்டித் துணி. அம்மா அதை வெளுத்து எங்களுக்கு டவுசரும் உள்பாவாடையும் தைப்பாள். எவ்வளவு வெளுத்தாலும் மூட்டையில் அச்சடித்த படம் போகாது. தம்பியின் டவுசரில் அந்தப் படம் சரியாக உட்காருகிற இடத்தில் வரும். ஒரு கொத்துக் கதிர். அது நெற்கதிர் என்றே நாங்கள் நினைத்தோம். நம்ம ஊரில் கதிர் என்றால் வேறென்ன?

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். நெரவிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். புருஷனுக்கு டவுனில் வேலை. அம்மாவும் அவளும் ஒருத்தியை ஒருத்தி அக்கா என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், யார் மூத்தவள் என்று கடைசிவரை முடிவாகவில்லை. நான் அவளை நெரவி அக்கா என்பேன். அந்தப் பொங்கலுக்குப் பிறந்த வீடு போய்விட்டு, நிலைப்படியில் கட்டப் புதுக் கதிர் ஒரு கொத்து கொண்டுவந்தாள். எங்களுக்கும் ஒரு கொத்து கொடுக்க வந்தவள், கொடியில் காய்ந்துகொண்டிருந்த டவுசர் முன்னால் நின்று சிரித்தாள்.

"என்னா அக்கா, புள்ள பின்னாடி கோதுமைய வச்சுத் தச்சிருக்கீங்க?"

அம்மா அது நெல்லு என்றாள். நெரவி அக்கா கையிலிருந்த கொத்தை டவுசருக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள்.

"நெல்லு இப்படி வெறச்சுகிட்டு நிக்குமாக்கா? மணி ஏறுனா தல சாஞ்சிடும். இது மீசைய முறுக்கிகிட்டு நிக்கிது பாருங்க. ரேஷன் மூட்டையில போட்டிருப்பான்ல, அதே கோதுமதான்."

அம்மா டவுசரைக் கொடியிலிருந்து உருவினாள். ஈரத்தோடு அதைப் பிடித்துக்கொண்டு ரொட்டிக் கடைக்கே போய்விட்டாள், நான் பின்னாலேயே ஓடினேன். கடைக்காரர் டவுசரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆமாம்மா, கோதுமையைத் தோல் நீக்கி அரைத்தால் மைதா, உடைத்தால் ரவை, பிழிந்தால் சேமியா என்று சொன்னார். அம்மா ரவையும் சேமியாவுமா என்று இரண்டு தடவை கேட்டாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். டாக்டர் பசை என்று சொன்னாரே, சினிமா போஸ்டர் ஒட்ட மைதாவைத்தானே காய்ச்சுகிறார்கள், நமக்கு ஏன் தோன்றவில்லை என்று அவர் புலம்பினார். அம்மா மிச்சமிருந்த அரை ரொட்டியைக் கொண்டுபோய்க் கோழிகளுக்குப் போட்டாள். பிறகு கொல்லைப்பக்கம் போய்த் திரும்பி நின்றாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. தன் கையால் ஊட்டியதுதான் என்று நினைத்திருப்பாள். எனக்கு இப்போதுதான் அது தோன்றுகிறது.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் வருவதற்குள் தம்பியின் வயிறு இறங்க ஆரம்பித்தது. தவக்காலம் பாதி போனபோது அவன் தெருவில் ஓடினான். ஓடி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்தபோது அம்மா சந்தோஷத்தில் அவனை அடிக்கவே இல்லை.

இனிமேல் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அக்கா. மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து காலமானவர். அந்த மாதிரி வீட்டை ஊரில் சொல்தா வீடு என்பார்கள். அத்தை நடையே பட்டாள நடைதான். கேக்கைக் கேக் என்று சொல்ல மாட்டாள், கத்தோ என்பாள். பாஸ்கா அன்று, அதாவது ஈஸ்டர் ஞாயிறு, பூசை முடிந்ததும் எங்கள் சொந்தம் மொத்தமும் அவள் வீட்டில் கூடும். நடுவில் ஒரே ஒரு பெரிய கத்தோ. அத்தை அறுப்பாள். முதல் துண்டு அங்கே இருப்பதிலேயே சின்னப் பிள்ளைக்கு, அப்புறம் எல்லோருக்கும். அந்தத் துண்டைத் தின்றால் அந்த வருஷத்து மனத்தாங்கலெல்லாம் தீர்ந்தது என்று அர்த்தம். தின்னாவிட்டால் தீரவில்லை என்று அர்த்தம். சித்தப்பா ஒரு பாஸ்காவில் ஏதோ கோபத்தில் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் வெகு காலம் அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு அத்தை போகவில்லை, அத்தை வீட்டுக்கு அவர் வரவில்லை. நடுவில் அப்பா சைக்கிளில் போய்ப் போய்த் தூது பேசித்தான் சேர்த்துவைத்தார்.

இப்போது சொந்தத்திலேயே சின்னப் பிள்ளை என் தம்பி. கத்தோ மைதா. அம்மாவுக்கு வந்த கஷ்டம் இதுதான்.

அத்தைக்கு விஷயத்தை அப்பாதான் சொன்னார். அத்தை நம்பவில்லை.

"ரொட்டி ஆவாத வயிறு எந்த ஊர்லடா இருக்கு? பிரான்சுல அத்தன சனமும் ரொட்டியத் தின்னுட்டுத்தான உசுரோட இருக்கு? ஒம் பொண்டாட்டிக்கு என் கையால செஞ்சது ஆவல, அதச் சொல்லச் சொல்லு."

அப்பா இந்தக் கடைசி வரியை அம்மாவிடம் மறைத்திருக்கலாம். அவருக்கு மறைக்கத் தெரியாது.

அம்மா யோசித்தாள். கோதுமை இல்லாமல் ஒரு கத்தோ சுட்டுக்கொண்டு போனால், அத்தை அதைத் தம்பிக்கு முதல் துண்டாகக் கொடுக்கட்டும், மற்றவர்கள் பெரியதைத் தின்னட்டும். யாருக்கும் குறையில்லை. ஆனால் அம்மா அதுவரை கத்தோவே சுட்டதில்லை. அவளுக்குத் தெரிந்தது அரிசி மட்டும்தான்.

தவக்காலத்தில் அதைப் பழகுவதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் வீட்டில் தவக்காலம் முழுக்க இறைச்சியும் முட்டையும் இனிப்பும் கிடையாது. அம்மா தான் சுட்டதைத் தானே ருசி பார்க்க முடியாது. நானும் விட்டிருந்தேன், அப்பாவும் விட்டிருந்தார். தம்பிக்கு மட்டும் விலக்கு, ஆனால் அவன் சாட்சி செல்லாது. ரொட்டி போன ஏக்கத்தில் அவன் எதைக் கொடுத்தாலும் நல்லாருக்கு என்றான், வெந்ததையும் சொன்னான், வேகாததையும் சொன்னான். அதனால் ருசி பார்க்கிற வேலை நெரவி அக்காவுக்குப் போனது. அவளுக்குத் தவக்காலம் இல்லை.

அலுமினியச் சட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் மாவுத் தட்டை வைத்து, மூடிக்கு மேலே கொட்டாங்கச்சித் தணலைக் கொட்டுவாள் அம்மா. கீழே கொஞ்சம் நெருப்பு, மேலே கொஞ்சம் நெருப்பு. முதல் தடவை மைதாவுக்குப் பதில் பச்சரிசி மாவு. அறுத்ததும் மணலாக உதிர்ந்தது. நெரவி அக்கா உள்ளங்கையில் அள்ளித் தின்றாள். அவள் பொய்யும் சொல்ல மாட்டாள், மனசையும் நோகடிக்க மாட்டாள்.

"நல்லாத்தான்க்கா இருக்கு. புட்டு மாரி."

அடுத்தது பூவன் பழத்தைப் பிசைந்து போட்டது. உதிரவில்லை, ஆனால் கத்தியை விட மறுத்தது. களி மாதிரி இருக்கு என்றாள். அப்புறம் உளுந்து அரைத்துச் சேர்த்தது. இட்லிக்குச் சீனி போட்ட மாதிரி இருக்கு என்றாள். ஒவ்வொரு தடவையும் அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இந்தப் பொம்பளை வாயிலிருந்து கேக் மாதிரி என்று ஒரு தடவை வந்துவிட்டால் போதும் என்று என்னிடம் சொல்வாள். நெரவி அக்கா அதுவரை கேக்கே அதிகம் தின்றதில்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது உறைக்கவில்லை.

வீடு முழுக்க அந்த வாசனை இருக்கும். தேங்காய்ப்பால் சூடேறுகிற வாசனை, ஏலக்காய், மணல் காய்கிற வாசனை. நான் இனிப்பை விட்டவள். கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மோந்து பார்த்தால் தவம் கெடுமா என்று சாமியாரிடம் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் அம்மா ஆப்பத்தை நினைத்தாள். ஆப்பத்துக்கு அரிசி மாவு கள் ஊற்றித்தானே பொங்குகிறது? கத்தோ மட்டும் பொங்காதா? கள் வாங்கப் பொம்பளை போக முடியாது. அப்பா அந்தத் தவக்காலம் முழுக்கக் குடிப்பதில்லை என்று மாதா முன்னால் சொல்லியிருந்தார். அம்மா பித்தளைச் சொம்பைக் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து சனங்கள் வெளியே வருகிற நேரத்தில், அப்பா கள்ளுக்கடையிலிருந்து சொம்போடு வெளியே வந்தார். அத்தை எதிரில் வந்தாள். அப்பா சொம்பைத் துண்டால் மூடினாராம். மூடாமல் இருந்திருந்தால் தண்ணீர் என்றாவது சொல்லியிருக்கலாம்.

அத்தை அவரைத் தெருவில் ஒன்றும் கேட்கவில்லை. பின்னாலேயே எங்கள் வீடு வரை நடந்து வந்தாள். உள்ளே வந்து, செபமாலை கையில் இருக்க, சொம்பைத் திறந்து பார்த்தாள்.

"தவக்காலத்துல கள்ளு. அதுவும் வெள்ளிக்கெழம. வாங்கியாரச் சொன்னது யாரு?"

"நாந்தான் அண்ணி," என்றாள் அம்மா. "கத்தோவுக்கு."

இது கள்ளைவிட மோசமாகிவிட்டது. அத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பியின் வயிற்றுக்காகத்தான் இது என்று அம்மா சொல்லச் சொல்ல, தன் கத்தோவுக்குப் போட்டியாக ஒரு கத்தோ கள் ஊற்றித் தயாராகிறது என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"பாஸ்காவுக்கு எல்லாரும் வாங்க. வந்தா எல்லாரும் என் கையால திங்கணும், இவனும் திங்கணும். முடியாதுன்னா வராதீங்க. நான் வருத்தப்பட மாட்டேன்."

அப்பா அன்றிரவு சோறு சாப்பிடவில்லை. அவருக்கு அக்கா என்றால் தாய் மாதிரி, அவள் தூக்கி வளர்த்த பிள்ளை அவர். ஒரே ஒரு துண்டுதானே, ஒரு நாள் வயிற்றால் போகும், தாங்கிக்கொள்ள மாட்டானா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். அம்மா, எனக்குக் குடும்பமும் வேணும், புள்ளையும் வேணும், எதையாவது ஒண்ண விடுன்னா உங்களுக்கு வாய் வருதா என்றாள்.

கள் வீணாகவில்லை. மறுநாள் மாவு பொங்கி வந்தது. அதில் முட்டையும் சீனியும் கெட்டித் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சட்டியில் வைத்தாள். மேலே பொன் நிறம். அறுத்தால் உள்ளே சின்னச் சின்னக் கண்ணாக இருந்தது. நெரவி அக்கா ஒரு துண்டைத் தின்றாள். இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டாள். அம்மா காத்திருந்தாள்.

"இது எது மாரியும் இல்லியேக்கா," என்றாள் நெரவி அக்கா, கொஞ்சம் கவலையாக.

அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள்.

பெரிய வெள்ளி அன்று சிலுவைப்பாதை தெருத் தெருவாகப் போனது. மணி அடிக்கக் கூடாத நாள், மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு போவார்கள். போன வருஷம் தம்பி அப்பாவின் தோளில் வந்தவன், இந்த வருஷம் கட்டை தட்டுகிறவருக்கு முன்னால் ஓடினான். நானும் அம்மாவும் அத்தைக்கு இரண்டு வரிசை பின்னால் நடந்தோம். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தம்பி ஓடி வந்து அவள் சேலையைப் பிடித்து, குனியச் சொல்லி, காதில் கத்தோவைப் பற்றி எதையோ கேட்டான். அத்தை அவன் கையைப் பிடித்தாள். விடாமல் முழங்கைக்கு மேலே தடவிப் பார்த்தாள். சந்தையில் கோழியைத் தூக்கிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. முன்னே அங்கே எலும்புதான் இருக்கும். கூட்டம் நகர்ந்தது. அத்தை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டாள், பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை மத்தியானம், தெருப் பெண்களெல்லாம் மாவுத் தட்டைத் துணியால் மூடி ரொட்டிக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ரொட்டி வெந்து முடிந்த பிறகு அந்தப் பெரிய அடுப்பில் எல்லோருடைய கேக்கும் வேகும். அம்மா போகவில்லை. அங்கே பலகையிலும் சுவரிலும் காற்றிலும் மைதா. அவள் வீட்டிலேயே சட்டியைத் தூக்கி வைத்தாள். வெந்தது ஒரு சின்னக் கத்தோ, இரண்டு உள்ளங்கை அகலம். அதைத் தூக்குவாளியில் வைத்து, தம்பிக்கு மட்டும்தான் என்று அவனிடமே சொன்னாள். அவன் அந்தத் தூக்கைக் கட்டிக்கொண்டு தூங்கினான்.

போவதா வேண்டாமா என்று யாரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா தூக்கை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுப் பக்கம் நடந்தாள், நாங்கள் பின்னால் போனோம். அத்தை வாசலில் நின்று எல்லோரையும் வாங்க என்றாள். எங்களையும் வாங்க என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே சித்தப்பா குடும்பம், அப்பாவின் பெரியப்பா பிள்ளைகள், பாண்டிச்சேரியிலிருந்து வந்தவர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. நடுவில் கத்தோ. எப்போதும் இருப்பதைவிட மேல்பக்கம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது.

அத்தை கத்தியை எடுத்தாள். முதல் துண்டை அறுத்து, தட்டில் வைத்து, தம்பி முன்னால் வந்து நின்றாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் அத்தையே பேசினாள்.

"பயப்படாத. மைதா ஒரு சிட்டிக கெடையாது. இவனுக்காக முழுக்க ரவையில செஞ்சிருக்கேன்."

அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். அவளைப் போன்ற ஒருத்தி தன் கத்தோவை மாற்றிச் செய்திருக்கிறாள். சித்தப்பா கைதட்டப் பார்த்தார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். ரவையைப் பற்றி ரொட்டிக் கடைக்காரர் சொன்னது எனக்கும் ஞாபகம் இருந்தது. அத்தை இவ்வளவு இறங்கி வந்த பிறகு அம்மா என்ன செய்வாள்? ஒரு துண்டை விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. தம்பி துண்டை நோக்கிக் கையை நீட்டிவிட்டான். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி," என்றாள். "ரவையும் கோதுமதான் அண்ணி. ஒடச்ச கோதும."

அத்தை தட்டைப் பார்த்தாள், கத்தோவைப் பார்த்தாள்.

"யாரு சொன்னா?"

"ரொட்டிக் கடையில கேட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டேன்." அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க செஞ்சீங்களே, அதுவே எனக்குப் போதும். ஆனா குடுக்க மாட்டேன் அண்ணி."

பாண்டிச்சேரிக்காரர் ஒருவர், ஆமாக்கா, ரவை கோதுமைதான் என்று மெல்லச் சொன்னார். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்ற மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்தது. நாங்கள் இனி இந்த வீட்டுக்கு வரமாட்டோம் என்று நினைத்தேன். பிறகு அத்தை தட்டைக் கீழே வைத்தாள்.

"தூக்குல என்னா வச்சிருக்க?"

"இவனுக்கு. அரிசி மாவுல."

"அந்தக் கள்ளுக் கத்தோவா? எடு வெளிய."

பெரிய கத்தோவை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்தாள். அம்மாவின் சின்னக் கத்தோவை நடுவில் வைத்தாள். அவ்வளவு பெரிய மேசையில் அது தட்டில் ஒட்டிய பருக்கை மாதிரி இருந்தது. எல்லோரும் ஒரே கத்தோவில் தின்றால்தானே கணக்கு என்றாள். குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்தச் சின்னக் கத்தோவை அங்கிருந்த அத்தனை பேருக்கும் அறுத்தாள். ஒவ்வொரு துண்டும் கட்டைவிரல் அளவுதான். முதல் துண்டு தம்பிக்கு. அப்புறம் வரிசையாக எல்லோருக்கும். அறுத்து முடித்தபோது அம்மாவுக்கு இல்லை. அத்தை தன் துண்டை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை அம்மா வாயில் வைத்தாள். தவம் முடிந்த வாயில் அம்மா முதல் தடவையாகத் தான் சுட்டதைத் தின்றாள். அழுதுகொண்டே மென்றாள். மென்றுகொண்டே உப்பு போட மறந்துட்டேன் என்றாள்.

அப்போதுதான் தம்பி அலற ஆரம்பித்தான். தூக்கைக் கட்டிக்கொண்டு தூங்கினவன் அவன். தனக்கு மட்டும் என்று அம்மாவே சொல்லியிருந்தாள். அவன் கண் முன்னால் மொத்தச் சொந்தமும் அவன் கத்தோவைத் தின்று தீர்த்துவிட்டது. என் கத்தோ, என் கத்தோ என்று தரையில் புரண்டான். சித்தப்பா வாயில் போட்டதை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் விழித்தார். கூடமே சிரித்தது. அத்தைதான் அவனைத் தூக்கினாள், இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லை வரை நடந்தாள். போன வருஷம் இறகு மாதிரி இருந்தான், இப்ப என் இடுப்ப ஒடிக்கிறான் என்று அங்கிருந்து கத்தினாள்.

ரவைக் கத்தோவைப் பிறகு எல்லோரும் தின்றோம். நன்றாகவே இருந்தது. கிளம்புகிற நேரத்தில் அத்தை அம்மாவிடம் கள் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கேட்டாள். அளவு தெரியலீங்க அண்ணி, உங்க தம்பி வாங்கிட்டு வர்றதுக்குள்ள சொம்பு கொறஞ்சிடுது என்றாள் அம்மா. அப்பா மாதா மேல் சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் சொந்தத்தில் பாஸ்கா கத்தோ அரிசி மாவுதான், பெரியதாக. அம்மா எங்கள் வீட்டில் சுட்டு, அப்பா சைக்கிளில் பிடித்துக்கொண்டு போவார். எத்தனை வருஷம் சுட்டும் தணலின் கணக்கு மட்டும் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அடிப்பக்கம் ஒவ்வொரு தடவையும் கருகிவிடும். எல்லோரும் கத்தியால் சுரண்டிவிட்டுத் தின்போம்.

இந்தப் பாஸ்காவுக்கு நான் சுட்டேன். அப்பா வாங்கி வைத்திருக்கிற கரண்ட் ஓவனில், கருப்பு படாமல், எல்லாப் பக்கமும் ஒரே நிறமாக வந்தது. அத்தைக்கு இப்போது கை நடுங்குகிறது, கத்தியை என்னிடம் கொடுத்தாள். முதல் துண்டு சித்தப்பாவின் பேத்திக்கு. தம்பி இப்போது என்னைவிட உயரம், நிலைப்படியில் குனிந்துதான் வருகிறான். அவன் தன் துண்டை எடுத்துத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தான். கட்டைவிரலால் அதைத் தடவினான்.

"என்னடா?" என்றேன்.

"நல்லாத்தான்க்கா இருக்கு," என்றான். "சொரண்ட ஒண்ணுமே இல்லியே."

பிறகு தின்றான். இன்னொரு துண்டு கேட்டான். பெரியதாக அறுத்துக் கொடுத்தேன்.